பதில் சொல்லுங்கள், போன் நம்பர் மட்டும் போடாதீர்கள்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு இளம் வழக்கறிஞர் நீளமாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

வக்கீலாகப் பதிவு செய்து ஐந்து வருடம். குடும்பத்தில் கோர்ட் படி ஏறிய முதல் ஆள் இவர்தான், அப்பாவுக்கு மளிகைக் கடை. சீனியரிடம் மூன்று வருடம் இருந்துவிட்டுத் தனியாக வந்திருக்கிறார். கேஸ் இல்லாத மதிய நேரங்களில் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் பட்டா, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று யார் சந்தேகம் கேட்டிருந்தாலும் அதன் கீழே போய்ப் பதில் எழுத ஆரம்பித்திருக்கிறார். இரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்கிறார்கள். இப்போது பதிலின் முடிவில் "மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்" என்று போன் நம்பரும் போடுகிறார். முகப்பில் "சொத்து மற்றும் விவாகரத்து வழக்கு ஸ்பெஷலிஸ்ட்" என்று எழுதியிருக்கிறார். ஒரு விவாகரத்து வழக்கில் ஜெயித்த அன்று கட்சிக்காரப் பெண்ணோடு கோர்ட் வாசலில் எடுத்த படத்தையும் போட, அந்தப் பெண்ணின் முன்னாள் கணவர் அதன் கீழே வந்து அசிங்கமாக எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதே படத்தைப் பார்த்த சக வக்கீல் ஒருவர், வக்கீல்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் பார் கவுன்சிலில் புகார் கொடுத்து சன்னதை, அதாவது வக்கீலாகத் தொழில் செய்யும் உரிமத்தை, பிடுங்க வைப்பேன் என்று மிரட்டியிருக்கிறார். இதற்கு நடுவில் ஒரு விளம்பர ஏஜென்சி, மாதம் ஒரு தொகையும் வருகிற கேஸ்களின் பீஸில் ஒரு பங்கும் கொடுத்தால் இவர் பெயரில் தினமும் பதில்கள் எழுதி, நல்ல ரிவ்யூக்களும் போட்டுத் தருகிறோம் என்கிறது. "நான் செய்வது தப்பா? ஏஜென்சியைச் சேர்த்துக்கொள்ளலாமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒதுங்கிவிடவா?" என்று கேட்டு, தான் பெருமையாக நினைக்கும் ஆறு பதில்களையும் கூடவே அனுப்பியிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் ஒரு விஷயம். அழிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய ஆறு பதில்களையும் இரண்டு முறை படித்தேன். செக் திரும்பி வந்தவருக்கு நீங்கள் எழுதியதைச் சொல்கிறேன். ஆறுதல் வார்த்தை எல்லாம் இல்லாமல், "பேங்க் மெமோ உங்கள் கைக்கு வந்த தேதி என்ன?" என்றுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். செக் திரும்பியதைச் சொல்லி பேங்க் தரும் அந்தச் சீட்டு கைக்கு வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு அவர் பணம் கட்ட 15 நாள், கட்டவில்லை என்றால் அதன் பின் ஒரு மாதத்துக்குள் புகார் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டியிருக்கிறீர்கள். காலக்கெடு போன பிறகு கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களை 27 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு பதில் எத்தனை பேரைக் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியும். இதைத் தப்பு என்று சொல்லும் விதி எதுவும் இல்லை.

தப்பு தொடங்குகிற இடம் கடைசி வரி. போன் நம்பர்.

விதி என்ன சொல்கிறது

இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதியை நாம் எல்லோரும் சட்டக் கல்லூரியில் மனப்பாடம் செய்தோம், ஆனால் சமூக ஊடகத்துக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் குறைவு. வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை தேடிப் போகக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது. சுற்றறிக்கை, தரகர், தனிப்பட்ட முறையில் தொடர்பு கொள்வது எல்லாமே அதற்குள் வரும். தான் நடத்திய வழக்கு சம்பந்தமாகத் தன் படத்தை வெளியிட வைப்பதும் அதே விதியில் பெயர் சொல்லித் தடுக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்க வேண்டும், அதில் இன்ன வழக்கில் நிபுணர் என்று எழுதக் கூடாது.

இப்போது உங்கள் பக்கத்தைப் பாருங்கள். முகப்பில் 'ஸ்பெஷலிஸ்ட்' என்ற சொல், கோர்ட் வாசல் படம், முன்பின் தெரியாதவரின் பிரச்சினைக்குக் கீழே அழைப்பு எண். மூன்றுமே விதியின் வாசகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. "நான் அவர்கள் கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டது சந்தேகம், வக்கீல் வேண்டும் என்று உங்களைக் கேட்கவில்லை. அங்கே நம்பர் போடும்போது நீங்கள்தான் அவரைத் தேடிப் போகிறீர்கள்.

இந்தக் கவலை புதிதும் இல்லை. பம்பாய் மாஜிஸ்டிரேட் கோர்ட் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஆளை எல்லாம் மடக்கி, கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, ஒருவருக்கொருவர் பீஸைக் குறைத்துக் கேஸ் பிடித்த வக்கீல்களின் விவகாரம் 1970களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டத் தொழில் வியாபாரம் இல்லை, கேஸ் கட்டு சரக்கு இல்லை என்று நீதிபதி வி. ஆர். கிருஷ்ண அய்யர் அதில் எழுதினார். ஒருவர் அழுதுகொண்டே சந்தேகம் கேட்டிருக்க, அதன் கீழே பத்து வக்கீல்கள் நம்பர் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல்தான் ஞாபகம் வருகிறது.

"யூடியூபில் எல்லா வழிகாட்டி வீடியோவும் வக்கீல்கள் தங்களை ஒரு பிராண்டாக வளர்க்கச் சொல்கிறதே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கப் பழக்கத்தைப் பார்த்துச் செய்தவை. அங்கே அரிசோனா மாநிலத்து இரண்டு வக்கீல்கள் பீஸ் விவரத்தோடு பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த வழக்கில், 1977லேயே உச்ச நீதிமன்றம் வக்கீல் விளம்பரத்துக்குக் கதவைத் திறந்துவிட்டது. இங்கே அப்படி ஆகவில்லை. 2024 ஜூலையில் நம் சென்னை உயர் நீதிமன்றமே, வக்கீல் சேவையைக் கடைப் பொருள்போல் பட்டியல் போட்டு ரேட்டிங் கொடுக்கும் இணையதளங்களைக் கண்டித்து, அப்படி விளம்பரம் செய்யும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க ஏற்பாடு செய்யும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. 2025 மார்ச்சில் பார் கவுன்சிலும் சமூக ஊடக விளம்பரங்களைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை விட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதில் தெரியும்.

இந்தத் தடை முழுவதும் நியாயம்தானா என்று கேட்டால், எனக்கும் வருத்தம் உண்டு. அப்பா, தாத்தா வக்கீலாக இருந்த வீட்டுப் பிள்ளைக்கு விளம்பரம் தேவையில்லை, ஊருக்கே அந்தப் பெயர் தெரியும். மளிகைக் கடைக்காரர் மகளுக்கு அந்த வசதி கிடையாது. உங்கள் கடிதத்தில் இருந்த கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அப்படி வந்தவள்தான். ஆனால் விதி மாறுகிற வரைக்கும் சன்னது உங்களுடையது, அதைப் பணயம் வைத்து இந்த வாதத்தை நடத்த வேண்டாம்.

எது அனுமதி

2008இல் 36ஆம் விதியில் ஒரு சலுகை சேர்த்தார்கள். பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, உங்களுக்கென்று ஒரு இணையதளம் வைத்துக்கொள்ளலாம். பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண், பதிவு தேதி, எந்த மாநில பார் கவுன்சில், படிப்பு, எந்தத் துறை வழக்குகள் நடத்துகிறீர்கள், இவ்வளவும் போடலாம். உண்மையான விவரம் என்ற உறுதிமொழியும் வேண்டும். ஆக, போன் நம்பர் இருக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் பதிலைப் படித்துவிட்டு இவர் யார் என்று ஒருவர் தானாகத் தேடி அங்கே வந்தால், அது அவர் எடுத்த முடிவு.

அப்புறம், நல்ல பதில்களை அடுத்தவர் பதிவுகளின் கீழே சிதறவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அந்தப் பதிவை அவர் அழித்தால் உங்கள் உழைப்பும் போய்விடும். ஒரே கேள்வி பத்து முறை வருகிறது இல்லையா, அதை யாருடைய கதையும் இல்லாமல் பொதுவான கட்டுரையாக உங்கள் பக்கத்தில் எழுதி வையுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலே சொத்து சுத்தம் என்று ஆகிவிடாது என்பதை விளக்கி நீங்கள் எழுதிய எட்டு வரி, ஒரு முழுக் கட்டுரைக்கான விதை. இப்படி எழுதுவதை முதலில் கவனிப்பவர்கள் பெரும்பாலும் மற்ற ஊர் வக்கீல்கள்தான். எனக்குத் தனியாக வந்த முதல் மூன்று கேஸ்களும் வெளியூர் வக்கீல்கள் அனுப்பியவை. உங்கள் ஊரில் ஒரு கேஸ் நடத்த ஆள் வேண்டும் என்று மதுரையிலோ கோவையிலோ இருக்கும் ஒருவர் யோசிக்கும்போது, காலக்கெடுவைச் சரியாக எண்ணத் தெரிந்த அந்தப் பெண் ஞாபகத்துக்கு வருவார்.

இன்னொரு வழியும் உண்டு, ஏனோ இளம் வக்கீல்கள் இதைக் கீழாக நினைக்கிறார்கள். இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பேனல் வக்கீலாக, அதாவது அவர்கள் கேஸ் ஒப்படைக்கும் வக்கீல்களில் ஒருவராகச் சேருங்கள். மூன்று வருட அனுபவம் கேட்பார்கள், உங்களுக்கு இருக்கிறது. பணம் பெரிதாக வராது. ஆனால் ஊர் ஊராகச் சட்ட விழிப்புணர்வு முகாமில் மைக் பிடித்துப் பேசுவதும், ஆயிரம் பாலோயரோடு பேசுவதும் ஒன்றில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கிற அம்மா முகத்தைச் சுளித்தால், சொன்னது புரியவில்லை என்று உடனே தெரிந்துவிடும். உங்கள் எழுத்தும் அதில் தெளியும்.

இன்பாக்ஸில் இருக்கும் ஆபத்து

"பொதுவெளியில் வேண்டாம், இன்பாக்ஸில் விவரம் அனுப்புங்கள்" என்று பலருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். ரகசியம் காக்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் 33ஆம் விதியைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வக்கீல், எதிர்த் தரப்புக்காக ஆஜராக முடியாது. உங்கள் ஊரில் இருப்பது இரண்டு மூன்று கோர்ட். அண்ணன் பொய்ப் பெயரில் உங்கள் இன்பாக்ஸில் வந்து பாகப்பிரிவினை பற்றி யோசனை கேட்டுவிட்டுப் போயிருப்பார், ஒரு மாதம் கழித்துத் தங்கை நேரில் கட்டோடு வருவார். வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு அண்ணன் அந்த மெசேஜை எடுத்து நீட்டினால் என்ன செய்வீர்கள்?

பொதுவெளியிலும் இதைவிட மோசமானது நடக்கிறது. கட்சிக்காரர் தன் வக்கீலிடம் சொன்னதைச் சட்டம் ரகசியமாகக் காக்கிறது, இப்போது அது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132ஆம் பிரிவு. ஊரே பார்க்க எழுதியதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. "ஆமா மேடம், கையெழுத்து நான் போட்டதுதான், ஆனா..." என்று ஒருவர் உங்கள் பதிலுக்குக் கீழே எழுதினால், எதிராளி அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வார். அதனால் கேள்வி கேட்டு அவர்களைப் பேச வைக்காதீர்கள். சட்டம் பொதுவாக என்ன சொல்கிறது என்பதோடு நிறுத்தி, "காகிதங்களோடு உங்கள் ஊரில் ஒரு வக்கீலைப் பாருங்கள், வசதி இல்லை என்றால் இலவச சட்ட உதவிக்கு 15100க்குப் போன் பண்ணுங்கள்" என்று முடியுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. பெண்களுக்கு அதில் வருமான வரம்புகூடக் கிடையாது, பாதிப் பேருக்கு இது தெரியாது.

அந்தப் படம்

இந்த வரியைப் படித்ததும் எடுத்துவிடுங்கள். 36ஆம் விதி ஒரு பக்கம் இருக்கட்டும், இந்து திருமணச் சட்டத்தின் 22ஆம் பிரிவை மறந்துவிட்டீர்கள். அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கு மூடிய அறையில் நடக்க வேண்டியது, அது சம்பந்தமாக எதையும் அச்சிடுவதோ வெளியிடுவதோ சட்டவிரோதம். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை மட்டும், அதுவும் கோர்ட் அனுமதியோடுதான் வெளியிடலாம். அபராதம் ஆயிரம் ரூபாய் வரை என்று சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். அன்றைக்குச் சந்தோஷத்தில் சரி என்று தலையாட்டியிருப்பார். நாளைக்கு மறுமணப் பேச்சு வரும்போது, அல்லது வேலை செய்கிற இடத்தில், அந்தப் படம் அவரைத் துரத்தும். அவரிடம் பேசி, நடந்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள்.

எடுப்பதற்கு முன்னால் முன்னாள் கணவர் எழுதியதை மட்டும் இணைப்பு, தேதி, நேரம் தெரியும்படி பதிவு செய்து, சேமித்த கருவியையும் பத்திரமாக வையுங்கள், கோர்ட்டில் மின்னணுச் சான்றாகத் தாக்கல் செய்யச் சான்றிதழ் தேவைப்படும். பதில் எழுதாதீர்கள். அவதூறுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு, பெண்ணின் மானத்தைக் குலைக்கிற சொல்லுக்கு 79 என்று வழி இருக்கிறது. ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கட்சிக்காரரையும் கேட்டு முடிவு செய்யுங்கள், ஏனென்றால் காயம் அவருக்கும் சேர்த்துத்தான்.

மிரட்டிய சக வக்கீல்

ஒருவர் புகார் எழுதிப் போட்டதும் சன்னது போய்விடாது. வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சில் அதை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும், உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பட்டியலிலிருந்து நீக்குவது கடைசி. பாதகமாக முடிந்தால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு, அதன் பின் உச்ச நீதிமன்றம். புகார் என்று ஒன்று வருவதற்கு முன்பே நீங்களாகத் திருத்திக்கொண்டது உங்களுக்குச் சாதகமாகவே பேசும். என்னென்ன மாற்றினேன், எந்தத் தேதியில் மாற்றினேன் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அவரிடம் சண்டைக்குப் போகாமல், "நீங்கள் சொன்ன பிறகு பார்த்தேன், படத்தை எடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள், அவர் சொன்ன விதம் மோசமாக இருந்தாலும் சொன்ன விஷயத்தில் பாதி சரி.

ஏஜென்சி வேண்டவே வேண்டாம்

இதில் மட்டும் எனக்கு இரண்டு மனம் இல்லை. பீஸில் பங்கு என்பதே அடிபட்டுப்போகிறது, வக்கீல் அல்லாதவரோடு வருமானத்தைப் பங்கிடும் ஏற்பாடு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ரிவ்யூ பச்சைப் பொய். இரண்டையும்விட எனக்குப் பயமாக இருப்பது, உங்கள் பெயரில் இன்னொருவர் தினமும் சட்டம் சொல்லப் போகிறார் என்பது. ஏஜென்சியில் உட்கார்ந்து எழுதப் போகிற பையனுக்கு மெமோ தேதி என்றால் என்னவென்று தெரியாது. அவன் 30 நாள் என்பதை 60 நாள் என்று எழுதி, அதை நம்பி ஒருவர் தன் இரண்டு லட்ச ரூபாய் செக்கை விட்டுவிட்டால், பதிலின் மேல் இருப்பது உங்கள் முகம். வாரத்துக்கு இரண்டே பதில் எழுதினாலும் நீங்களே எழுதுங்கள்.

நீங்களே எழுதினாலும் தவறு வரும். அதற்காகத்தான் இதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நீங்கள் பெருமையாக அனுப்பிய ஆறு பதில்களில் நான்காவது, 1985இல் கல்யாணமான ஒரு பெண்மணி பூர்வீகச் சொத்தில் தனக்குப் பங்கு உண்டா என்று கேட்டதற்கு எழுதியது. 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆகிவிட்டதால் பங்கு இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தில் அப்படித்தான் இருந்தது, இப்போது நிலைமை அது இல்லை. 2005 செப்டம்பர் 9இல் அமலுக்கு வந்த மத்தியத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பிரிவினையையே எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ கோர்ட் டிக்ரி மூலமோ பாகம் பிரிந்திருந்தால்தான் சிக்கல். தகப்பனாரின் சுய சம்பாத்தியம் என்றால் கணக்கு வேறு. இதையெல்லாம் சொல்லாமலே 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள், அந்த அம்மா "சரிங்க மேடம், நன்றி" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தப் பதிலை ஓசைப்படாமல் அழித்துவிடாதீர்கள். மேலே தேதி போட்டு, "இதில் தவறு இருக்கிறது, திருத்தம் கீழே" என்று எழுதுங்கள், படித்துவிட்டுப் போன மற்றவர்களும் பார்க்கட்டும். பிறகு அந்த அம்மாவின் பெயரைத் தேடிப் பிடித்து, உங்கள் நம்பரைப் போடாமல், அவர் ஊரிலேயே உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பதிலை நம்பி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் இது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முகப்பு, ஏஜென்சிக்குப் பதில் எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இதை இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.